210 ரூபாய் பேரிங்கும் டங்கன் டௌசனும்

வணக்கம் நண்பர்களே. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் எங்கள் வீட்டு அரை எச்.பி. மோட்டார் கரகரவென்று கத்துவதைச் சென்ற காணொளியில் கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது என்று உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. நேற்று கழற்றிய அந்தப் பேரிங் இதோ என் கையில் இருக்கிறது. மாற்றி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பொருள் இந்த நிலைக்கு வந்த காரணத்தைக் கண்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

இது 6203 இசட்-இசட் என்ற எண் கொண்ட பேரிங்; மோட்டார் தண்டு சுழல்வதற்காக, இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் வைத்தது. இருபுறமும் தகட்டு மூடி போட்டு, வேண்டிய அளவு கிரீஸை ஆலையிலேயே உள்ளே வைத்துத்தான் அனுப்புகிறார்கள். இதைப் பொருத்திய மெக்கானிக் ஒரு பக்க மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு, உள்ளே துளி இடம்கூட மிச்சமில்லாமல் கிரீஸை அடைத்திருக்கிறார். அருகில் காட்டுகிறேன், பாருங்கள். கிரீஸ் கருப்பட்டிப் பாகு போலக் கறுத்து இறுகிவிட்டது. துடைத்துப் பார்த்தால், கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய குண்டுகளின் தடம் சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கிறது. போனில் கேட்டபோது, “லோடு அதிகம் சார், அதான் போயிடுச்சு” என்றார்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்பதை விளக்க எனக்குத் துணை நிற்பவர், இந்தச் சேனலின் பழைய நேயர்கள் நன்கு அறிந்த டங்கன் டௌசன். உராய்வு, தேய்மானம், மசகு ஆகிய மூன்றுக்கும் தம் ஆயுளையே கொடுத்த இங்கிலாந்துப் பொறியாளர் அவர். 1928-இல் யார்க்‌ஷரில் பிறந்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1954-இல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தவர்.

அவர் கையில் எடுத்த புதிர் பழையது. 1916-இல் மார்ட்டின் என்பவர், கியர் பற்களுக்கிடையே எவ்வளவு தடிமனில் எண்ணெய் நிற்கும் என்று கணக்கிட்டார். கிடைத்த விடை, பற்களின் சொரசொரப்பைவிட மிகச் சிறியதாக இருந்தது. அந்தக் கணக்கின்படி இரும்பும் இரும்பும் உரசிக் கியர்கள் சீக்கிரமே அழிந்திருக்க வேண்டும். ஆனால் ஆலைகளில் அவை ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. கணக்கில் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருந்தன. தொடும் இடத்தில் எஃகு மீள்தன்மையோடு சற்றே அமுங்கித் தட்டையாகிறது. அதே இடத்தில், சதுர சென்டிமீட்டருக்குப் பத்து டன் என்ற அளவிலான அழுத்தத்தில், எண்ணெய் பல மடங்கு கெட்டியாகிவிடுகிறது. ஒன்றையொன்று சார்ந்த இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் கடினம். அழுத்தம் தெரிந்தால்தான் எஃகு எந்த வடிவத்துக்கு அமுங்கும் என்பது தெரியும், வடிவம் தெரிந்தால்தான் அழுத்தம் தெரியும். மாறி மாறிக் கணக்கிட்டுப் போனால், பாரம் கூடக்கூட விடை நிலைக்கு வராமல் அலைபாயும். டௌசனும் அவருடன் பணியாற்றிய ஹிக்கின்சனும் 1959-இல் அதைத் தலைகீழாக அணுகினார்கள். அழுத்தத்தை முதலில் ஊகித்துக்கொண்டு, அந்த அழுத்தம் உண்டாக எண்ணெய்ப் படலம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதே அழுத்தத்தில் எஃகு அமுங்கும் வடிவத்தோடு அதை ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போனார்கள். பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பின்னர் 1970-களில் பெர்னார்ட் ஹாம்ராக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, குண்டு பேரிங்குக்கு ஏற்ற சூத்திரத்தை டௌசன் வகுத்தார். அதன்படி பாரத்தை இரட்டிப்பாக்கினால், படலத்தின் மிகக் குறைந்த தடிமன் வெறும் 5 சதவீதம்தான் குறைகிறது. எண்ணெயின் பாகுத்தன்மை பாதியானாலோ, படலம் ஏறக்குறைய 38 சதவீதம் மெலிந்துவிடுகிறது. என் மோட்டாருக்கு நேர்ந்தது இதுதான். திணித்த கிரீஸைக் குண்டுகள் ஓயாமல் கடைந்தன. கடைந்ததில் சூடு ஏறியது. சூட்டில் கிரீஸில் உள்ள எண்ணெய் நீர்த்தது. நீர்த்ததும், ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவான அந்தப் படலம் அறுந்து, எஃகை எஃகு தொட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பாரம் பேரிங்கைப் பாதிக்கவே பாதிக்காது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரம் இரட்டிப்பானால் குண்டு பேரிங்கின் களைப்பு ஆயுள், அதாவது திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எஃகு விரிசல் விடும்வரை ஓடும் காலம், எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் எங்கள் மோட்டாரின் பாரம் பல ஆண்டுகளாக அதேதான்; பேரிங்கை மாற்றியபோது புதிதாகச் சேர்ந்தது அந்தத் திணித்த கிரீஸ் மட்டுமே.

டௌசன் இயந்திரங்களோடு நின்றுவிடவில்லை என்பதற்காக அவரை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன். மூட்டுவாத மருத்துவர் வெர்னா ரைட்டுடன் சேர்ந்து, மனித மூட்டுகளையும் அவர் பேரிங்குகளாகவே ஆராய்ந்தார். நம் இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு, அதிலுள்ள திரவப் படலம் மறைக்கும் அளவைவிடச் சொரசொரப்பானது. அப்படியிருந்தும் அது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அழுத்தம் வந்ததும் அந்த மேடுபள்ளங்களே தட்டையாகிப் படலத்துக்கு இடம் விடுகின்றன என்று 1986-இல் டௌசனும் அவருடன் ஆராய்ந்த ஜின்னும் காட்டினார்கள். எஃகு அமுங்குவதைக் கணக்கில் சேர்த்துத் தொடங்கியவர், கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து அதே எண்ணத்தை முழங்காலுக்கும் இடுப்புக்கும் கொண்டுபோயிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. 1979-இல் இந்தத் துறையின் வரலாற்றையும் அவரே ஒரு பெரிய நூலாக எழுதினார். 2020 ஜனவரியில் காலமானார்.

இனி புதிய பேரிங்குக்கு வருகிறேன். முதல் கடையில் 90 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். அட்டைப்பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தது, வளையத்தில் இருந்த எழுத்தை நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் 260 ரூபாய் சொன்னார்கள். மூன்றாவது கடை அண்ணாச்சி 210 ரூபாய்க்கு, பில்லோடு, உறை பிரிக்காமல் கொடுத்தார். அந்த ஐம்பது ரூபாய்க்காக வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. வழக்கம்போல வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன்: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், 6203-க்கு இருக்க வேண்டிய அளவு அப்படியே இருந்தது.

மோட்டார் தண்டில் பொருத்தும்போது சுத்தியலால் வெளிவளையத்தில் அடிக்கவே கூடாது. அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் தழும்பு விழும். உள்வளையத்தில் மட்டும் படும்படியான ஒரு குழாய்த் துண்டை வைத்து, மெல்லத் தட்டி இறக்கினேன். மூடியை நான் தொடவே இல்லை. இன்று காலை அரை மணி நேரம் மோட்டாரை ஓட்டிவிட்டு, பேரிங் இருக்கும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். எடுக்கத் தோன்றவில்லை, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. சத்தத்தை நீங்களே கேளுங்கள், மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன்.