பனிக்காலத்தில் மிளகாய்த் தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். உறைபனி விழுந்த காலையில் ஊட்டி காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் வாசலில் இருக்கும் மிளகாய்ச் செடியைப் பாருங்கள், இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். செடி போச்சு என்று பிடுங்கிவிட்டு, பனி முடிந்ததும் மறுபடி விதை போடுகிறோம். அந்தச் செடியைக் காப்பாற்றலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மிளகாய் பல வருஷம் நிற்கக்கூடிய செடி. அமெரிக்கக் கண்டத்து வெப்ப நிலத்தில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு உறைபனி மட்டும் ஆகவே ஆகாது. மழை ஓய்ந்து, ராத்திரி வானத்தில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டதா? தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள். மேகமில்லாத இரவில்தான் தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிடும். பள்ளத்தில் வீடு இருந்தால் இன்னும் முந்திக்கொள்ளுங்கள், குளிர்காற்று அங்கேதான் இறங்கித் தேங்கும்.

உள்ளே எடுக்குமுன் கவாத்து. நம் ஊரில் தேயிலைக்குச் செய்வதுதானே! காயைப் பறித்துவிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு, இரண்டு மூன்று கிளைக் கவை மட்டும் நிற்கும்படி வெட்டுங்கள். மிச்ச இலைகளின் அடியில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி ஒட்டியிருக்கும். அதை வெளியிலேயே கழுவிவிட வேண்டும். வீட்டுக்குள் வந்துவிட்டால் அதைத் தின்னும் பூச்சிகள் இல்லாமல் பெருகிவிடும்.

அப்புறம், 10 டிகிரிக்குக் கீழே போகாத அறை, பகலில் ஜன்னல் வெளிச்சம், இவ்வளவு போதும். ராத்திரி கண்ணாடியை ஒட்டி வைக்க வேண்டாம். பலர் தவறுவது தண்ணீரில்தான். இலையில்லாத செடி குடிப்பது கொஞ்சம். விரலை மண்ணில் விட்டு, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். ஈரம் நின்றால் வேர் அழுகிவிடும்.

ஜனவரியில் அது வெறும் குச்சியாக நிற்கும். பயப்படாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

மார்ச்சில் கணுக்களில் துளிர் வரும். பனி முற்றிலும் விட்டபிறகு, முதலில் நிழலில், ஒரு வாரம் கழித்து வெயிலில் வையுங்கள், கொஞ்சம் தொழு உரமும் போடுங்கள். வேர் ஏற்கெனவே பெரிதாக இருப்பதால், புது நாற்றை முந்திக்கொண்டு பூக்கும்.

இடம் ஒரு தொட்டிக்குத்தான் என்றால் காந்தாரி மிளகாயைத் தேர்ந்தெடுங்கள். விதையிலிருந்து மெதுவாக வருகிற செடி, இழந்தால் திரும்ப வளர்க்க நாளாகும்.