கரண்டியில் நிற்கிற சோறு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் குடும்ப நல உத்தியோகத்தராக நீண்ட காலம் வேலை செய்தவள் நான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து அம்மாமாருக்கு ‘மிஸ்ஸி’ என்றால்தான் என்னைத் தெரியும். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு முதன்முதல் சோறு தீத்துவதைப் பற்றிக் கதைக்க இன்று வந்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. எட்டு மாதப் பெண்பிள்ளை. கிளினிக் கார்டில் நிறைக்கோடு ஏறாமல் படுத்துவிட்டது. ஏன் என்று பார்க்கப் போனேன். அம்மம்மா, “மூன்று நேரமும் வயிறு முட்டக் குடுக்கிறன் மிஸ்ஸி” என்றார். பொய்யில்லை. அரிசி, பருப்பு, கரட் எல்லாம் போட்டு அவித்திருந்தார். ஆனால் அதை வடித்து, தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சோறும் பருப்பும் வடியிலேயே கிடந்தன. “அந்தச் சக்கையைச் சின்னன் விழுங்காது” என்றார்.

பிள்ளையின் சாப்பாடே அந்தச் சக்கைதான். அதை ஒரு கிண்ணத்தில் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, தாயின் பாலில் இரண்டு கரண்டி விட்டுக் குழைத்தேன். கரண்டியைச் சரித்தேன். வழிந்து ஓடவில்லை, கொஞ்ச நேரம் நின்று மெல்ல விழுந்தது. அந்தத் தடிப்புத்தான் சரியான தடிப்பு. பிள்ளை முதல் வாயை நாக்கால் வெளியே தள்ளியது. அம்மம்மா என்னைப் பார்த்தார். நாலாவது வாய்க்குத் தானாக வாயைத் திறந்தது.

ஏன் இந்தத் தடிப்பு? பிள்ளையின் இரைப்பை, உடல் நிறையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும். எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 240 மில்லிலீற்றர், ஒரு கப்கூட இல்லை. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும், ஆனால் வளராது. ஆறு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேலே ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு 300, ஒரு வயது தாண்டினால் 550. இந்தச் சின்ன வயிற்றுக்குள் அவ்வளவும் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு கரண்டியிலும் சத்து இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ கட்டித் தேங்காய்ப்பாலோ சேர்த்தால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு நேரம் போதும். போகப்போகக் கூட்டுங்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்த வேண்டாம், இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம்.

அடுத்தது இரும்புச்சத்து. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு ஆறு மாதமளவில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. சோறும் கரட்டும் மட்டும் கொடுத்தால் அந்தக் குறை நிரம்பாது. மீன், முட்டை, கோழி ஈரல் இவற்றில் ஏதாவது ஒன்று கிண்ணத்தில் விழ வேண்டும். ஈரலில் ஒரு சின்னத் துண்டை நன்றாக அவித்து மசித்தால் போதும், விலையும் பெரிதாக இல்லை. மீனென்றால் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சைவச் சாப்பாட்டு வீடுகளில் பருப்பு, பயறு, கௌபி, கீரை. அதோடு பப்பாசியோ தோடம்பழமோ கொஞ்சம் கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். தேத்தண்ணீர் அதைத் தடுக்கும். பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மீனும் முட்டையும் கிரந்தி, அதாவது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது, ஒரு வயதுக்குப் பிறகுதான் என்று பல வீடுகளில் சொல்லுவார்கள். தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறையாது. நன்றாக அவித்த முட்டையை ஆறு மாதம் முடிந்ததும் கொடுக்கலாம். கடுமையான தோல் கரப்பன் உள்ள பிள்ளை என்றால் மட்டும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். தேன் ஒரு வயதுக்கு முன் ஒரு துளிகூட வேண்டாம், நாக்கில் தடவுவதும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

பிளெண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மூத்தவனுக்குப் பத்து மாதம் வரை எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்தே தீத்தினேன். அப்புறம் ஒரு சோற்றுப் பருக்கை வாயில் பட்டாலே ஓங்காளித்தான். அவனைச் சோறு சாப்பிடப் பழக்க மாதக்கணக்கானது. அதனால்தான் சொல்கிறேன், எட்டு மாதமளவில் கையாலேயே மசியுங்கள், சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். அவித்த கரட், வாழைப்பழம் எதையாவது பிள்ளையே பிடித்துக் கடிக்கட்டும். ஓங்காளிப்பது பழகும் வழிதான், பயப்பட வேண்டாம். சத்தமே வராமல், மூச்சு எடுக்க முடியாமல் முகம் நீலம் பாய்ந்தால் அது புரைக்கேறல். உடனே குப்புறப் போட்டு முதுகில் தட்டுங்கள், ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை இந்த வயதில் கூடவே கூடாது. பிள்ளையை இருத்தி, பக்கத்தில் இருந்துகொண்டே தீத்துங்கள்.

பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்க நேரமில்லை என்று வேலைக்குப் போகும் அம்மாமார் சொல்லுவார்கள். தனிச் சமையல் தேவையில்லை. பருப்பு வெந்ததும், உப்பும் தூளும் போட முதல், பிள்ளையின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். மிச்சத்தில் உங்கள் கறியைத் தாளியுங்கள்.

வணக்கம்.