அடித்தால் மனம் ஆறும், அரசு மாறுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: பயங்கரவாதத்தைத் தூண்டிவிடும் அரசை வழிக்குக் கொண்டுவருவது படைத் தாக்குதலே! சட்டமும் தடையுமே! இரண்டாம் அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். அள்ளட்டும். இந்தத் தலைப்பில் அந்தப் பக்கம் நின்றாலே கைதட்டல் தானாக வரும். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்றார். குண்டு வைத்தவன் வெறும் அம்பு, பணமும் பாஸ்போர்ட்டும் வெடிமருந்தும் கொடுத்த அரசுதான் எய்தவன், அவனை அடி என்றார். ஐயா, நானும் அதே கட்சிதான். எய்தவனைத்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் போடுகிற குண்டு அவன் தலையில் விழுகிறதா என்பதுதான் என் கேள்வி.

அவரே ஓர் உதாரணம் கொடுத்தார், லிபியா. 1986-ல் அமெரிக்க அதிபர் ரீகன் ஒரே இரவில் போட்ட போட்டில் லிபிய ஆட்சியாளர் கடாபி பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார் என்றார். கதையை இடைவேளையில் நிறுத்தினால் எல்லாம் சுபம்தான். மீதியை நான் சொல்கிறேன்.

1986 ஏப்ரல் 5. மேற்கு பெர்லினில் 'லா பெல்' என்ற நடன விடுதியில் குண்டு வெடித்தது. ஒரு துருக்கியப் பெண்ணும் இரண்டு அமெரிக்கப் படைவீரர்களும் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம். பத்தே நாளில், ஏப்ரல் 15 அதிகாலையில், அமெரிக்க விமானங்கள் திரிப்போலி மீதும் பெங்காசி மீதும் குண்டு வீசின. பிரான்ஸ் தன் வான்வழியைத் தர மறுத்துவிட்டது. பிரிட்டனிலிருந்து கிளம்பிய விமானங்கள் கடல் மேலேயே நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் சுமந்துபோன குண்டுகளில் சில எங்கே விழுந்தன தெரியுமா? மக்கள் குடியிருந்த தெருவில், வழிவிட மறுத்த அதே பிரான்ஸின் தூதரகத்துக்குப் பக்கத்தில்! கடாபி? முன்கூட்டியே தகவல் கிடைத்துத் தப்பிவிட்டார். எய்தவன் உயிரோடு இருந்தான், அந்தத் தெருக்காரர்கள்தான் செத்தார்கள்.

சரி, அடங்கினாரா? இரண்டே நாளில் லெபனானில் பிணைக் கைதிகளாக இருந்த ஓர் அமெரிக்கரும் இரண்டு பிரிட்டிஷ்காரர்களும் பிணமாகக் கிடந்தார்கள். மறு ஆண்டு பிரான்ஸ் ஒரு கப்பலை மடக்கிப் பார்த்தால், பிரிட்டனை எதிர்த்துப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படைக்கு லிபியா அனுப்பிய ஆயுதங்கள் டன் கணக்கில். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் நிறுவனத்தின் அமெரிக்கப் பயணிகள் விமானம் வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேர், கீழே வீட்டில் இருந்தவர்கள் 11 பேர், ஆக 270 உயிர். 1989 செப்டம்பரில் நைஜர் பாலைவனத்தின் மேல் ஒரு பிரெஞ்சு விமானம், 170 உயிர். பெர்லினில் மூன்று பேர் செத்ததற்குக் கொடுத்த அடிக்குப் பிறகு, 440 பேர். இதற்குப் பெயர் அடங்கியதா?

இன்னொன்றைக் கவனியுங்கள். பெர்லின் குற்றச்சாட்டு பொய்யல்ல. 2001-ல் ஜெர்மன் நீதிமன்றம் நான்கு பேருக்குத் தண்டனை கொடுத்தது, லிபிய உளவுத்துறையின் கை இருந்ததையும் பதிவு செய்தது. குற்றச்சாட்டு மெய்யாக இருந்தபோதே குண்டு இந்த லட்சணத்தில்தான் வேலை செய்தது.

லாக்கர்பிக்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் அணியின் வழக்கு. இந்த முறை யாரும் விமானத்தைக் கிளப்பவில்லை. வயல் வயலாக, காடு காடாகத் தேடினார்கள். சட்டைத் துணியில் சிக்கியிருந்த, விரல் நகத்தளவு மின்சுற்றுப் பலகைத் துண்டு வரை பொறுக்கி எடுத்தார்கள். முதலில் சந்தேகம் யார் மேல் விழுந்தது? ஈரான் மேலும் சிரியாவில் இயங்கிய ஒரு பாலஸ்தீனக் குழு மேலும். இரண்டு லிபியர்கள் மீது குற்றம் சாட்டியது 1991 நவம்பரில், ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து. நடுவர் அவர்களே, எதிரணியின் பத்து நாள் கணக்குப்படி நடந்திருந்தால், 1988 டிசம்பர் முடிவதற்குள் எந்த ஊரில் குண்டு விழுந்திருக்கும்?

அந்த இருவரையும் ஒப்படைக்காத லிபியா மீது ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தடை விதித்தது. விமானம் போகக் கூடாது, வரக் கூடாது, ஆயுதம் விற்கக் கூடாது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1992 ஏப்ரல் 15. குண்டு வீசிய அதே தேதி, ஆறு ஆண்டு தள்ளி. 1993-ல் வெளிநாட்டுச் சொத்துகளை முடக்கினார்கள், எண்ணெய்த் தொழிலுக்கான கருவிகள் சிலவற்றை நிறுத்தினார்கள். ஏழு ஆண்டு இழுத்தது, உண்மைதான். 1999 ஏப்ரலில் கடாபி தன் ஆட்கள் இருவரையும் ஒப்படைத்தார். நெதர்லாந்து மண்ணில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி நீதிமன்றம் கூடியது. 2001-ல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை, இன்னொருவர் விடுதலை. விடுதலை! நிரபராதி என்று சொல்லி ஒருவனைத் திருப்பி அனுப்ப நீதிமன்றத்தால் முடியும். உங்கள் ஏவுகணைக்கு அந்த வசதி உண்டா? தண்டிக்கப்பட்டவர் மீதான தீர்ப்பையே இன்றும் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும், கேட்பதற்கு அங்கே ஆவணம் இருக்கிறது. 2003-ல் லிபியா பொறுப்பேற்றது, 270 கோடி டாலர் வரை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

"அது ஈராக்குக்குள் அமெரிக்கா நுழைந்ததைப் பார்த்து வந்த பயம்" என்று அடுத்த நண்பர் சொல்லுவார், குறிப்பு எழுதுகிறார் பாருங்கள். ஐயா, ஈராக் போர் 2003. ஆட்களை ஒப்படைத்தது 1999. நான்கு ஆண்டு முன்னதாகவே பயப்பட கடாபி என்ன ஜோசியரா?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். 1982 ஜூனில் லண்டனில் இஸ்ரேலியத் தூதரைச் சுட்டார்கள். சுட்டது அபு நிடால் என்பவரின் பாலஸ்தீனக் குழு. பாலஸ்தீனத் தலைவர் அரபாத்தின் இயக்கத்துக்கு அது பரம வைரி. மூன்றாம் நாள் இஸ்ரேல் படை நுழைந்தது லெபனானுக்குள், அரபாத்தைத் துரத்த. துரத்தியும் விட்டார்கள். அந்த மண்ணில் ஹிஸ்புல்லா என்ற புதிய ஆயுத இயக்கம் முளைத்தது. இஸ்ரேல் படை தெற்கு லெபனானை விட்டு வெளியேற 2000 மே வரை, பதினெட்டு ஆண்டு ஆனது.

சூடானைப் பாருங்கள், ஒரே நாட்டில் இரண்டு சோதனையும் நடந்தது. 1996-ல் பாதுகாப்பு மன்றம் தடை விதித்தது, அடுத்த மாதமே பின்லேடனை சூடான் வெளியேற்றியது. அவர் ஆப்கானிஸ்தானில் போய்க் குடியேறினார், அது நமக்குப் பெருமையில்லை. ஆனால் அவரைக் காப்பாற்றிய அரசு கைகழுவியதா இல்லையா? இரண்டு ஆண்டு கழித்து, நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் வெடித்த பதின்மூன்றாம் நாள், சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஒரு தொழிற்சாலையை அமெரிக்க ஏவுகணை தரைமட்டமாக்கியது. ரசாயன ஆயுதம் என்றார்கள். அது மருந்துத் தொழிற்சாலை. அதன் உரிமையாளரின் முடக்கிய கணக்குகளை மறு ஆண்டு அமெரிக்காவே விடுவித்தது.

இனி, இந்த அரங்கம் சூடாகும் இடத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் போனால் நான் கோழை. 2016-ல் எல்லை தாண்டி நம் படையின் துல்லியத் தாக்குதல். 2019 பிப்ரவரியில் புல்வாமா, நாற்பது வீரர்கள். பதிலுக்குப் பாகிஸ்தானின் பாலாகோட் மீது நம் விமானத் தாக்குதல். 2025 ஏப்ரலில் பஹல்காம், 26 பேர். மே மாதம் மறுபடி தாக்குதல். ஒவ்வொரு முறையும் "இனி வாலாட்ட மாட்டார்கள்" என்றோம். நம் ஆத்திரம் நியாயமானது, அந்த வீரர்களின் துணிவில் யாருக்கும் ஐயமில்லை. பலனைத்தான் கேட்கிறேன். 2018-ல் பணமோசடித் தடுப்பு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். பாகிஸ்தானை, கண்காணிப்பில் வைக்கும் நாடுகளின் 'சாம்பல் பட்டியலில்' போட்டது. வெளிநாட்டுக் கடன், முதலீடு எல்லாவற்றிலும் கெடுபிடி. மும்பைத் தாக்குதலில் 166 பேர் செத்தும் வெளியே உலாவிக்கொண்டிருந்த, அதன் சூத்திரதாரி என்று இந்தியா சொல்லும் ஹபீஸ் சயீதுக்கு 2020-ல் லாகூர் நீதிமன்றம் பயங்கரவாத நிதி வழக்கில் சிறைத்தண்டனை விதித்தது. மும்பைக்காக அல்ல, போதவும் போதாது. ஆனாலும் எந்தக் குண்டு அவரைக் கூண்டில் ஏற்றியது, சொல்லுங்கள்.

தடை என்றால் ஏழை மக்கள் பட்டினி என்று ஈராக்கைக் காட்டினார் முதல் பேச்சாளர். அதை நான் மறுக்க மாட்டேன். 1990-ல் ஈராக் மீது போட்ட முழுத்தடை சதாமைத் தொடவில்லை, குழந்தைகளைத் தொட்டது. அதைத் தூக்கிப் பிடிக்க நாங்கள் இங்கே வரவில்லை. லிபியாவில் எண்ணெய் விற்பனைக்குத் தடை இல்லை. விமானமும் ஆயுதமும் வெளிநாட்டுப் பணமுந்தான் குறி. அரசின் கழுத்தைப் பிடிப்பதற்கும் ஊரையே பட்டினி போடுவதற்கும் வேறுபாடு உண்டு.

எல்லைக்குள் படை வந்தால் தடுக்காதே என்றும் நாங்கள் சொல்லவில்லை. அது தற்காப்பு, எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் அனைத்துலக நீதிமன்றம் நிகரகுவா வழக்கில், அதே 1986-ல், தெளிவாகச் சொன்னது: ஒரு குழுவுக்கு ஆயுதமும் பணமும் கொடுப்பது சட்டவிரோதந்தான், ஆனால் அதுவே ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது. அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது யார்? அமெரிக்கா! நிகரகுவா அரசை எதிர்த்த கான்ட்ரா படைக்கு ஆயுதம் கொடுத்ததற்காக. எதிரணியின் வாதப்படி நிகரகுவா அன்று வாஷிங்டன் மேல் குண்டு போட்டிருக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, அரை நிமிடம். அடுத்து வரும் எதிரணி நண்பர் ஆப்கானிஸ்தானைத்தான் எடுப்பார், தெரியும். எடுக்கும்போது இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எடுக்கட்டும். 2001-ல் விரட்டிய தாலிபான், 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலில் எப்படி வந்து உட்கார்ந்தது? பத்தாண்டு குண்டு விழுந்தது ஆப்கானிஸ்தானில், பின்லேடன் அகப்பட்ட அபோட்டாபாத் எந்த நாட்டில் இருக்கிறது?