முழுப் பூசணிக்காயும் குரைக்காத நாயும்
(கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஆசிரியர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் போர்த்திய இந்தச் சால்வையை, ஒற்றை ஆளாக இந்த நூலகத்தைக் காத்துவரும் நூலகர் அக்காவிடமே கொடுத்துவிடுகிறேன். அவருக்குத்தான் அது சேர வேண்டும்.

துப்பறியும் கதை நம்மை ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறது? மூன்று காரணம் சொல்லப்போகிறேன். தடயம், துப்பறிபவரின் நண்பர், மூடிய மாளிகை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நல்ல துப்பறியும் எழுத்தாளர் மறைத்துக் காட்டுவார். அதுவும் நம் இலையிலேயே, நம் கண்ணெதிரிலேயே.

1892-இல் கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்று. பந்தயக் குதிரை ஒன்று ராத்திரியில் காணாமல் போகிறது. லாயத்தில் நாய் இருக்கிறது. அது குரைக்கவில்லை. நாமும் அதைப் படித்துவிட்டுத்தான் தாண்டிப் போகிறோம். ஹோம்ஸ் மட்டும் அங்கே நிற்கிறார். நாய் குரைக்கவில்லை என்றால் வந்தவன் அதற்குத் தெரிந்தவன். அவ்வளவுதான், பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது!

இதில் ஒரு நேர்மை உண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அதே ஆண்டில் எல்லரி குவீன் என்ற பெயரில் எழுதத் தொடங்கிய இரண்டு அமெரிக்கர்கள், முடிவுக்கு முன்னால் கதையை நிறுத்தி, ‘எல்லாத் தடயமும் உங்கள் கையில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்’ என்று வாசகருக்கே சவால் விட்டார்கள். வாசகரை இதைவிடப் பெரிதாக யார் மதிக்க முடியும்?

என் கதை ஒன்று சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவு. இதே நூலகத்தில், அட்டை கிழிந்து பழுப்புத் தாள் ஒட்டிய ஒரு துப்பறியும் நாவல் எடுத்தேன். பதினேழாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘டாக்டர்தான் கொலைகாரன்.’ எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம்தான், வேண்டாவெறுப்பாகப் படித்தேன். நாற்பதாம் பக்கத்தில் அதே கையெழுத்து: ‘டாக்டர் இல்லை. தோட்டக்காரன்.’ நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி, நீல மையில் வேறொருவர்: ‘தோட்டக்காரனுக்கு வலது கை விளங்காது. 22-ஆம் பக்கம் பாருங்கள்.’ திருப்பிப் பார்த்தேன். இருந்தது! அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. முகம் தெரியாத இரண்டு பேரோடு சேர்ந்து மூன்றாவது ஆளாக நானும் துப்பறிந்துகொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சில் சொன்னது: ‘ஏமாந்துவிட்டேன்.’ அதன் அடியில் நீல மை: ‘நானும்.’ நானும் பேனாவை எடுத்து, ‘நானும்’ என்று எழுதினேன். பிள்ளைகளே, நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள், அது தப்பு. ஆனால் அந்த மூன்று வரியை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பென்சில்காரர் யார்? மில் வேலை முடிந்து ராத்திரி ஏழு மணிக்கு வந்து படித்தவராக இருக்கலாம். அன்றைக்கு எட்டு மணி வரை இங்கே விளக்கு எரிந்தது. இன்று ஐந்து மணிக்குப் பூட்டு. பள்ளி விடுவது நாலரைக்கு. பிள்ளை வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. அப்புறம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை என்கிறோம். பூட்டிய கதவை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வதுதான் ஐயா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது! 1948-இல் வந்த நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்?

நண்பரைப் பற்றியும் மாளிகையைப் பற்றியும் பேச நேரம் இல்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். கேட்பது இரண்டுதான்: இரவு எட்டு மணி வரை நூலகம், அதற்கு இன்னொரு பணியாளர். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துப் போட ஊராட்சித் தலைவர் அம்மா சம்மதித்திருக்கிறார். அடுத்தது என் ஆசிரியர் ஐயா. அவருக்குப் பின்னால் வரிசையாக வாருங்கள். நன்றி, வணக்கம்.