வற்புறுத்தலா, விளக்கமா?

நடுவர் அவர்களே, வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களை அழைத்துவரத் தேவை வற்புறுத்தலா, விளக்கமா என்பது தலைப்பு. எதிரணித் தோழி, "உயிர் போகிற விஷயத்தில் விளக்கம் எதற்கு? சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள்" என்றார். உயிர் பெரிதுதான். 2022-ல் மட்டும் உலகில் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். பரிசோதனையே வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை.

ஆனால் பரிசோதனைப் படுக்கையில் படுக்கும் பெண்ணுக்கு என்ன தெரியும்? உடலுறவால் பரவி, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய எச்.பி.வி. வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் அல்ல; பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாகப் போய்விடும். பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் உடம்பில் இருக்கவும் கூடும். அதனால், அந்த முடிவை வைத்து அவளையோ கணவரையோ யாரும் சந்தேகப்பட முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், அந்த ஒரு தாள் வீட்டில் என்ன பாடுபடுத்தும்! அப்புறம், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தால் கருப்பை வாயில் அந்தத் திசுவை வெட்டியெடுக்கும் சிகிச்சைக்குப் பிறகு குறைப்பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம். பிள்ளை பெற நினைப்பவள் இதை அறிய வேண்டாமா?

நியூசிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆக்லாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1966-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்கள் பலருக்கு முழுச் சிகிச்சை தராமல், என்ன ஆகிறதென்று கவனித்து வந்தார்கள். வரச் சொன்னபோதெல்லாம் வந்த பெண்கள் அவர்கள். ஆராய்ச்சியில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பலருக்கு அது புற்றுநோயாக முற்றியது, சிலர் இறந்தார்கள். 1988-இல் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தந்த விசாரணை அறிக்கை, நோயாளியின் உரிமைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது. நாடு முழுவதும் பரிசோதனைத் திட்டம் வேண்டும் என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது எதிரணிதான், நடுவர் அவர்களே!

சரி, பயந்து ஓடுகிறவர்களுக்கு வருவோம். பரிசோதனைக் கருவியை உள்ளே வைப்பதை நினைத்தாலே நடுங்கும் பெண்கள் உண்டு. வன்முறைக்கு ஆளானவர்களும் உண்டு. எச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியை அவளே எடுத்துத் தரலாம். உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. இந்த வழியைச் சொல்வதும் விளக்கம்தானே, தோழி? அதையும் கேட்டுவிட்டு ஒருத்தி இன்றைக்கு வேண்டாம் என்றால், "உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ ரத்தம் பட்டால் உடனே வாம்மா" என்று சொல்லி அனுப்புங்கள். திட்டி அனுப்பினால், ரத்தம் பட்ட பிறகும் அவள் உங்கள் வாசலுக்கு வரத் தயங்குவாள். நன்றி.