தரங்கம்பாடி மணலில் எழுதிய எழுத்துகள்: சீகன்பால்கு கடந்த தடைகள்

[காட்சி: தரங்கம்பாடிக் கடற்கரை, டேனிஷ் கோட்டையின் மதில்]

வணக்கம். சுவிசேஷத்தை அறிவிக்கக் கடல் கடந்து போனவர்களைப் பற்றிப் பேசும்போது, புயலையும் நோயையும் அந்நிய மக்களின் எதிர்ப்பையுமே தடைகளாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் ஊழியத்துக்கு நேர்ந்த மிகக் கடுமையான தடைகள், அவரோடு ஒரே வேதத்தை வாசித்தவர்களிடமிருந்தே வந்தன. அவற்றை அவர் எப்படிக் கடந்தார் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

ஜெர்மனியின் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அடிக்கடி நோயில் விழுந்துகொண்டிருந்த இளைஞர் அவர். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் அழைப்பை ஏற்று, நண்பர் ஹென்றி புளுட்சோவுடன் 1705ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கப்பல் ஏறினார். ஏழு மாதத்துக்கும் மேலான பயணத்துக்குப் பிறகு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள்.

கரையில் அவர்களை வரவேற்க யாரும் இல்லை. அரசரின் கடிதம் கையில் இருந்தும், கோட்டை வாசலில் பல மணி நேரம் அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. மாலையில் வந்த டேனிஷ் தளபதி ஹாசியுஸ், இங்கே உங்களுக்கு என்ன வேலை என்ற தோரணையில் விசாரித்துவிட்டு, கடைத்தெருவில் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் மனமிரங்கித் தங்க இடம் கொடுத்ததால்தான் அன்றிரவு அவர்களுக்கு ஒரு கூரை கிடைத்தது.

[காட்சி: மணலில் ‘அ’ எழுதும் ஒரு சிறுவனின் விரல்]

தளபதியின் மனத்தை மாற்றும் வழி அவர்கள் கையில் இல்லை. தமிழைக் கற்கும் வழி இருந்தது. வயதான ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அணுகி, பள்ளியையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டு, சிறுவர்களுக்கு நடுவே தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார்கள். அரசர் அனுப்பிய குருமார் இருவர் அரிச்சுவடி படிக்கும் குழந்தைகளோடு குழந்தைகளாக உட்கார்ந்த அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. எழுத்து பிடிபட்டாலும் பொருள் விளங்கவில்லை, ஏனெனில் ஆசிரியருக்கு எந்த ஐரோப்பிய மொழியும் தெரியாது. முன்பு கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அழகப்பன் வந்த பிறகே பொருள் விளங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு சீகன்பால்கு உழைத்த உழைப்பு சாதாரணமானதல்ல. காலை ஏழு மணிக்குச் சொற்களை ஒப்பித்து, எட்டு மணி முதல் நண்பகல் வரை ஒரு முதிய புலவரையும் ஓலை எழுதுபவரையும் அருகில் வைத்துக்கொண்டு புதிய நூல்களைப் படித்து, பிற்பகலில் மீண்டும் படித்தார். விளக்கொளியில் படிக்கக் கண் இடம் கொடுக்காததால், இரவில் பிறர் வாசிக்கக் கேட்டார். 1708இல் அவர் தொகுத்த சுவடிப் பட்டியலில் திருக்குறள், தொல்காப்பியம் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றன. தன் செய்தியைக் கேட்கப்போகிறவர்களின் நூல்களை முதலில் தான் படித்த இந்தப் பொறுமையே அவருடைய ஊழியத்தின் அடித்தளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே ஆண்டின் இறுதியில் அடுத்த அடி விழுந்தது. நாவிதர் ஒருவரின் விதவை மனைவிக்காக ஒரு கடன் வழக்கில் அவர் பரிந்து பேசியது தளபதியின் கோபத்தைக் கிளறவே, நான்கு மாதங்கள் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். தொடக்கத்தில் பேனாவும் மையும்கூட அவருக்கு மறுக்கப்பட்டன. சிறைக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711 மார்ச் மாதத்தில் அதை முடித்தார்.

[காட்சி: ஈய எழுத்துகள் அடுக்கிய அச்சுப் பலகை]

இனி அச்சிட வேண்டும். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் ஏறிவந்த கப்பலைப் பிரேசில் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுக்கலைஞர் வழியிலேயே இறந்துபோனார். மீட்கப்பட்ட இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்ததால், அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிலிருந்த தாள் பாதி நூலுக்குக்கூடப் போதாது. எனவே, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளை மூடியிருந்த ஈயத்தை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறின. தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாரில் காகிதப் பட்டறை ஒன்றும் எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயரில் அதன் நினைவு இன்றும் இருக்கிறது.

தடை ஹாலேயிலிருந்தும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, மக்களிடமே கேட்டறிந்து 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலை, அவருடைய ஆசிரியரான ஃபிராங்கே வெளியிட மறுத்துவிட்டார். அது 1867இல்தான் சென்னையில் அச்சானது. இதில் சீகன்பால்குவின் பக்கமே நியாயம் இருந்தது. ஒரு மக்களின் நம்பிக்கையை அறியாமல் அவர்களோடு நேர்மையாக உரையாட முடியாது என்பதை அவர் தெருக்களிலும் சத்திரங்களிலும் பேசிப் பேசி அறிந்திருந்தார்.

[காட்சி: புதிய எருசலேம் தேவாலயத்தின் உட்புறம்]

1718 அக்டோபரில் புதிய எருசலேம் தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கு மாதங்கள் கழித்து, 1719 பிப்ரவரி 23 அன்று, நாற்பது வயதை எட்டும் முன்பே சீகன்பால்கு காலமாகி, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் அப்போது ரூத் புத்தகம் வரை வந்திருந்தது. மீதியைப் பின்னால் வந்த பெஞ்சமின் ஷுல்ட்சே மொழிபெயர்த்தார். 1733இல் அதே தரங்கம்பாடியில் ஆரோன் என்னும் தமிழர் குருவாக அபிஷேகம் பெற்று, ஊர் ஊராக நடந்து, தன் தாய்மொழியில் பிரசங்கிக்கப் புறப்பட்டார்.