நின்றால்தான் குளிர் தெரியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிமலைக்குப் போடும் ஜாக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கட்டாயம் பேச வேண்டும். செப்டம்பர் பிறந்தால் போதும், எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, டிசம்பர் லீவுல எவரெஸ்ட் அடிவார முகாம் போறோம், எந்த ஜாக்கெட் வாங்கலாம்?" முக்திநாத் யாத்திரை போகிற பெரியவர்களும் கேட்கிறார்கள், ஆறாயிரம் மீட்டர் மலைக்குக் கிளம்பும் இளையர்களும் கேட்கிறார்கள். 1998 மே 25-ஆம் தேதி நம் சிங்கப்பூரின் முதல் எவரெஸ்ட் குழுவில் இருவர் உச்சியைத் தொட்டார்கள். அன்றிலிருந்து மலை என்பது நமக்கும் எட்டுகிற ஒன்றாகிவிட்டது.

ஆனாலும் நமக்கென்று ஒரு குறை உண்டு. சிங்கப்பூரில் இயற்கையாக உயர்ந்த இடம் புக்கிட் தீமா குன்று. அது 164 மீட்டர்கூட நிறையாது. அதனால் பயிற்சிக்கு முதுகில் 12 கிலோ பையை மாட்டிக்கொண்டு வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படிகளில் ஏறுகிறோம். மின்தூக்கியில் இறங்கி வந்து மறுபடியும் ஏறுகிறோம். கால் பழகிவிடும். மூச்சும் ஓரளவு பழகும். குளிரை மட்டும் இங்கே பழக வழியில்லை. நமக்குத் தெரிந்த குளிரெல்லாம் திரையரங்கின் குளிர்சாதனம்தான். ஆகவே ஜாக்கெட் வாங்கும்போது நம் உடம்பைக் கேட்டு முடிவெடுக்க முடிவதில்லை. கடையில் சொல்வதையும் அட்டையில் அச்சடித்திருப்பதையும் நம்புகிறோம். நானும் அப்படித்தான் என் முதல் ஜாக்கெட்டை வாங்கினேன்.

அதைப் போட்டுக்கொண்டுதான் நேப்பாளத்தில் ஐலண்ட் பீக் ஏறினேன். உள்ளூரில் இம்ஜா ட்சே என்பார்கள். உயரம் 6,189 மீட்டர். இரவு ஒரு மணிக்கு முகாமிலிருந்து கிளம்பினோம். ஏறும்போது குளிரே தெரியவில்லை, உள்ளே வியர்த்தது. உச்சிக்குக் கீழே செங்குத்தாக ஒரு பனிச்சுவர் இருக்கிறது. அதில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராகத்தான் போக முடியும். எங்களுக்கு முன்னால் பதினைந்து பேருக்கு மேல் நின்றார்கள். நாங்களும் நின்றோம். இன்னும் விடியவில்லை. காற்று வேறு. பத்தே நிமிடத்தில் முதுகில் இருந்த வியர்வை சில்லிட்டது. அப்புறம் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. கயிற்றைக் கவ்விப் பிடித்து ஏற உதவும் கருவியான ஜூமாரின் பிடியை அழுத்திப் பார்த்தேன். அழுத்துகிறேன் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

எங்கள் வழிகாட்டி என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார். "தீதி, இது நடக்கிறப்ப போடுற ஜாக்கெட்" என்று மட்டும் சொன்னார். தீதி என்றால் அக்கா. தன் பையிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை இழுத்தார். நீலம் வெளுத்து, கை முட்டியில் ஒட்டுப் போட்டு, மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. தலையணைபோல உப்பியிருந்தது. நான் போட்டிருந்த எல்லாவற்றுக்கும் மேலே அதை மாட்டிவிட்டார். அதன் தலைமூடியான ஹூட் என் தலைக்கவசத்துக்கு மேலேயே சரியாக உட்கார்ந்தது. கால் மணி நேரம் போயிருக்கும், விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல வலி வந்தது. ரத்தம் திரும்பி வருகிற வலி அது. அந்த இருட்டில் நான் அழுதுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் என் ஜாக்கெட்டின் உள்பக்கச் சீட்டை நிதானமாகப் படித்தேன். இன்று நான் சொல்ல வந்தது அங்கே தொடங்குகிறது. ஜாக்கெட்டை நடக்கிற நேரத்துக்காக வாங்காதீர்கள், நிற்கிற நேரத்துக்காக வாங்குங்கள்.

ஜாக்கெட் எதுவும் சூடு தருவதில்லை. சூடு தருவது நம் உடம்பு. சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 100 வாட், அதாவது அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. மூச்சு வாங்க ஏறும்போது அது ஐந்து ஆறு மடங்காகும். அதனால்தான் ஏறும்போது மெல்லிய சட்டையே போதும்போல இருக்கிறது. நின்ற மறுகணம் அடுப்பு அணைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் சூட்டைப் பிடித்துவைப்பதுதான் ஜாக்கெட்டின் வேலை.

அதற்கு அசையாத காற்றைவிட நல்ல பொருள் இல்லை. அந்தக் காற்றைப் பிடித்துவைக்க ஜாக்கெட்டுக்குள் அடைக்கும் மெல்லிறகைக் கடையில் டவுன் என்று சொல்கிறார்களே, அதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: தூவி. சங்கப் பாட்டில் அரசியின் கட்டிலுக்கு அன்னத்தின் தூவியால் மெத்தை போடுகிறார்கள். பறவையின் வெளி இறகுக்கு நடுவே தண்டு உண்டு. அடியில் நெஞ்சோடு ஒட்டியிருக்கும் தூவிக்குத் தண்டு கிடையாது. நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் நூல்நூலாக விரியும், எருக்கம் பஞ்சுபோல. அந்த இழைகளுக்குள் காற்று சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. ஜாக்கெட்டுக்குள் பெரும்பாலும் வாத்து அல்லது கூஸ் பறவையின் தூவி இருக்கும்.

சரி, அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 650, 800, 900 என்ற எண் என்ன? அதை ஃபில் பவர் என்கிறார்கள். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குலத்துக்கு உப்புகிறது என்பதுதான் அந்த எண். 800 என்றால் 28 கிராம் தூவி சுமார் 13 லிட்டர் இடத்தை நிரப்பும். பெரிய எண் என்றால் நல்ல தூவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜாக்கெட்டுக்குள் எவ்வளவு தூவி போட்டிருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. உயர்ந்த ரக பாஸ்மதி அரிசிதான், ஆனால் பானையில் எத்தனை பிடி போட்டார்கள்? அதையும் பார்க்க வேண்டுமல்லவா?

என் ஜாக்கெட்டில் 800 தரத் தூவி 110 கிராம் இருந்தது. கணக்குப் போட்டால் 50 லிட்டர் காற்று. 650 தரம்தான், ஆனால் 250 கிராம் இருக்கிறது என்றால் 90 லிட்டருக்கு மேல் போகும். எண் குறைவு, கதகதப்போ ஏறத்தாழ இரண்டு மடங்கு. எடை கூடும், பையில் இடம் அடைக்கும். அது உண்மை. ஆனால் அந்தப் பனிச்சுவரின் அடியில் யாரும் பையின் இடத்தைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். தூவியின் எடை அட்டையில் இல்லையென்றால் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடுங்கள். எங்குமே சொல்லாத ஜாக்கெட்டை நான் உயர்ந்த மலைக்கு வாங்க மாட்டேன்.

அடுத்தது தையல். மெல்லிய ஜாக்கெட்டுகளில் வெளித்துணியையும் உள்துணியையும் சேர்த்தே தைத்துவிடுவார்கள். தையல் ஓடும் இடத்தில் தூவி இருக்காது, காற்று அந்தக் கோட்டின் வழியாகவே உள்ளே வரும். கனமான ஜாக்கெட்டுகளில் இரண்டு துணிக்கும் நடுவே குட்டிச் சுவர்போல இன்னொரு துணி வைத்துத் தைப்பார்கள். பெட்டி பெட்டியாக உப்பி நிற்கும். ஆறாயிரம் மீட்டருக்குப் போகிறவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். கடையில் ஜாக்கெட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் குளிர் நுழையும் இடம். தோள்பட்டையையும் முழங்கையையும் முக்கியமாகப் பாருங்கள்.

போட்டுப் பார்க்கும்போது டீ-ஷர்ட்டின் மேல் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. மலையில் இதை எல்லாவற்றுக்கும் மேலேதான் போடப்போகிறீர்கள். வீட்டிலிருந்து ஃபிலீஸ் என்னும் கதகதப்பான உள்சட்டை, காற்றுத்தடுப்புச் சட்டை, கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் ஹார்னஸ், தலைக்கவசம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கூச்சப்பட வேண்டாம். உடம்போடு ஒட்டி அழகாக இருக்கிறதென்றால் அளவு சிறியது என்று அர்த்தம், உள்ளே அமுங்கிய தூவி உப்பாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இடுப்பு தெரியக் கூடாது. தடித்த கையுறையோடு ஜிப்பை ஏற்றி இறக்குங்கள். அந்த ஜிப் கீழிருந்தும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹார்னஸில் கயிற்றை மாட்ட முழு ஜாக்கெட்டையும் திறக்க வேண்டிவரும். உள்ளே பெரிய பை இருந்தால் ரொம்ப நல்லது. தண்ணீர்ப் புட்டியும் கைபேசியும் அங்கேதான் உறையாமல் இருக்கும்.

எவரெஸ்ட்டில் தூவி ஜாக்கெட்டை முதலில் போட்டுக் காட்டியவர் ஜார்ஜ் ஃபின்ச், ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலாளர். 1922 பயணத்தில் மற்றவர்கள் கம்பளிக் கோட்டில் போனபோது, இவர் பலூன் துணியை வாங்கி, ஈடர் என்னும் கடல் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டோடு போனார். முதலில் கேலி செய்தார்கள். மேலே போனதும் அதே கோட்டைப் பார்த்து ஏங்கினார்கள். அந்தப் பயணத்தில் அவர் 8,300 மீட்டருக்கு மேல் ஏறினார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் போடுவது அடிப்படையில் அந்தக் கோட்டைத்தான்.

தூவிக்கு ஓர் எதிரி உண்டு, ஈரம். நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருண்டுவிடும், காற்றைப் பிடிக்காது. அதனால் மலேசியாவின் கினபாலு மலைக்குப் போகிறவர்களிடம் நான் தூவியை வற்புறுத்துவதில்லை. 4,095 மீட்டர் உயரம், விடியலில் உச்சியில் நன்றாகவே குளிரும். ஆனால் அது மழைக்காட்டு மலை. அங்கே செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட்டும் மேலே ஒரு நல்ல மழைச்சட்டையும்தான் சரி. செயற்கை இழை நனைந்தாலும் ஓரளவு காப்பாற்றும், விலையும் குறைவு. இமயமலையின் உயரத்தில் காய்ந்த குளிர். அங்கேதான் தூவியின் அருமை தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூவியை உயிருள்ள பறவையிலிருந்து பிடுங்குகிற கொடுமை உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2014-இல் வந்த ஆர்டிஎஸ், அதாவது பொறுப்பான முறையில் எடுத்த தூவிக்குத் தரும் முத்திரை, அதையும், பறவைக்கு வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதையும் தடுக்கிறது. அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு இது சின்ன விஷயமில்லை.

வாங்கிய பிறகு நம் ஊரில்தான் ஜாக்கெட்டுக்கு உண்மையான சோதனை. காற்றில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் ஈரப்பதம். என் முதல் ஜாக்கெட்டை அதன் சின்னப் பைக்குள் அமுக்கி, ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து எடுத்தால் பூஞ்சணப் புள்ளிகள், ஈர நாய் வாசனை, உப்பவும் இல்லை. இப்போது படுக்கையறை அலமாரியில் தளர்வாகத் தொங்கவிட்டிருக்கிறேன், கீழே ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை இரவில் குளிர்சாதன அறையில் வெளியே எடுத்துப் போடுவேன். துவைப்பதென்றால் தூவிக்கென்றே விற்கும் சோப்பு. அப்புறம் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு மணிக்கணக்காகச் சுற்றவிட வேண்டும். ஜாக்கெட்டின் ஒவ்வொரு பெட்டியாக விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது கட்டி தட்டுப்பட்டால் இன்னும் காயவில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போகிறவர் வாங்கத்தான் வேண்டுமா? வேண்டாம். தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள், காத்மாண்டுவின் தமேல் வட்டாரத்தில் வாடகைக்கும் கிடைக்கும். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பதும் ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பதும் அங்கேதான் ரொம்ப அவசியம்.

என் இரண்டாவது ஜாக்கெட் இப்போது என் அக்கா மகளிடம் இருக்கிறது. நவம்பரில் அவள் முதல் முறையாக இமயமலைக்குப் போகிறாள். ஜூரோங்கில் உறைய வைத்த மீன் வைக்கும் கிடங்கில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வேலை செய்கிறார். அனுமதி வாங்கி, போன சனிக்கிழமை அவளை அங்கே அழைத்துப்போனேன். உள்ளே மைனஸ் 18 டிகிரி. நடக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, இருபது நிமிடம் சும்மா நில் என்றேன். நானும் கூடவே நின்றேன். எட்டாவது நிமிடத்தில், "சித்தி, முதுகெல்லாம் சரியா இருக்கு, கழுத்துப் பக்கம் மட்டும் காத்து போகுது" என்றாள். ஹூட்டின் ஓரத்தில் இருக்கும் கயிற்றைக் காட்டினேன். கையுறையோடு இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை பிடித்து இழுத்தாள். மீதிப் பன்னிரண்டு நிமிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.